ஒரு காட்டு மரத்தின் தாவரவியல் விவரணையை எப்படிப் படிப்பது? வெடிப்பலாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஏதாவது ஒரு காட்டு மரத்தைப் பற்றித் தேடிப் பாருங்கள், இரண்டு விதமான எழுத்துதான் கிடைக்கும். ஒன்று, "வானுயர்ந்த மரம், அடர்ந்த பச்சை இலைகள், அரிய மருத்துவ குணங்கள்" என்கிற வகை. எந்த மரத்தின் பெயரைத் தலைப்பில் போட்டாலும் இது பொருந்தும், அதனாலேயே எதற்கும் உதவாது. இன்னொன்று தாவரவியல் நூல்களில் வருவது: "தனி இலை, மாற்றிலை அமைவு, இலையடிச் செதில் விரைவில் உதிரும், அடிப்பரப்பில் கேடயச் செதில்கள்" என்று வினைச்சொல் அபூர்வமாகவே எட்டிப்பார்க்க ஓடும். அதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

மூட வேண்டிய அவசியமே இல்லை. அந்த வறண்ட பத்தியில் ஒரு சொல்கூட வீணாக இருக்காது, பத்துப் பன்னிரண்டு சொற்கள் பிடிபட்டுவிட்டால் போதும், முக்கால்வாசி புரிந்துவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெடிப்பலாவை எடுத்துக்கொண்டு அதைச் செய்து பார்க்கலாம்.

விவரணை எதற்காக எழுதப்படுகிறது

பள்ளி மாற்றுச் சான்றிதழில் "அங்க அடையாளங்கள்" என்று ஒரு வரி இருக்கும். அதில் யாரும் "அழகான கண்கள், சிரித்த முகம்" என்று எழுதுவதில்லை. "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்றுதான் எழுதுவார்கள். உங்களை அறிமுகப்படுத்துவது அதன் நோக்கமே இல்லை. அடுத்தவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டும், பத்து வருஷம் கழித்தும் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மர விவரணையின் நோக்கமும் இதுதான். பார்த்தவுடன் மனதைக் கவர்கிற உயரம், நிழல், பச்சை எல்லாம் அதில் பின்னால் தள்ளப்பட்டு, யாரும் நின்று பார்க்காத மொட்டும் செதிலும் முன்னால் வந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மச்சம் ஒரே ஒரு ஆளைக் காட்டும். மர விவரணையோ ஒரு சிற்றினத்தின் எல்லா மரங்களுக்கும், அதாவது ஆனைமலையில் நிற்பதற்கும் அகத்தியமலையில் நிற்பதற்கும், கிழட்டு மரத்துக்கும் இளம் மரத்துக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும், அதே நேரத்தில் பக்கத்தில் நிற்கும் வேறு சிற்றினத்துக்குப் பொருந்தவும் கூடாது. சிற்றினம் என்றால் ஒரே வகையைச் சேர்ந்த மரங்களின் கூட்டம். நெருங்கிய சிற்றினங்கள் பல சேர்ந்தது பேரினம். பேரினங்கள் சேர்ந்தது குடும்பம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: விவரணை ஒற்றை மரத்தின் படம் கிடையாது, ஒரு கூட்டத்துக்குப் பொதுவான, மற்றக் கூட்டங்களில் இல்லாத அடையாளங்களின் தொகுப்பு.

வெடிப்பலா யார்

களக்காடு, முண்டந்துறை, அகத்தியமலை, ஆனைமலை போன்ற இடங்களின் பசுமைமாறாக் காடுகளில், பெரும்பாலும் 600 மீட்டருக்கு மேற்பட்ட ஈரமான மலைச்சரிவுகளில் இருக்கிறது இந்த மரம். காட்டின் மேற்கூரையாக நிற்கிற மரங்களில் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. இப்படிப்பட்டதை ஓரிடவாழ் தாவரம் என்கிறோம். சிங்கவால் குரங்குகளுக்கு இதன் பூவும் விதையும் முக்கியமான உணவு. அறிவியல் பெயர் கல்லேனியா எக்ஸாரிலாட்டா. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கோயம்புத்தூரில் பருத்திப் பணியில் இருந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த ஜெனரல் வில்லியம் கல்லனின் பெயர் அது.

காய் முள் முள்ளாக உருண்டு இருப்பதால் ஊரில் பலா என்று பெயர் வந்துவிட்டது, இதை ஏதோ காட்டில் வளரும் பலா என்றே நிறையப் பேர் நம்புகிறார்கள். உண்மையில் நம் தோட்டத்துப் பலா ஆல், அரசு, அத்தியின் குடும்பம். வெடிப்பலா செம்பருத்தி, பருத்தி, வெண்டை, இலவம் இருக்கும் குடும்பம். கிட்டத்தில்கூட உறவு கிடையாது. இந்தக் குழப்பத்தை விவரணை எப்படித் தீர்க்கிறது என்று ஒவ்வொரு உறுப்பாகப் பார்ப்போம்.

முதலில் எது இலை

சிரிக்க வேண்டாம், இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வேப்ப மரத்தில் ஓரம் பல்பல்லாக இருக்கும் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி எடுத்து "இதுதான் வேப்பிலை" என்கிறோம். தாவரவியலில் அது சிற்றிலை. அது ஒட்டியிருந்த நீளமான ஈர்க்கும் அதன் இருபுறமும் இருக்கிற சிற்றிலைகளும் சேர்ந்த மொத்தமும்தான் ஓர் இலை. அதைக் கூட்டிலை என்பார்கள். முருங்கையில் இது இன்னும் ஆச்சரியம், நாம் உருவிப் போடுகிற அத்தனை குட்டித் துணுக்குகளும் சிற்றிலைகள், கையில் பிடித்த முழுக் கொத்துதான் ஒரே ஓர் இலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு கிளையோடு சேருகிற உள்மூலைக்கு இலைக்கோணம் என்று பெயர். அங்கே ஒரு சின்ன மொட்டு, சில நேரம் கடுகளவுகூட இருக்காது, உட்கார்ந்திருக்கும். பிறகு கிளையாகவோ பூவாகவோ வளரப்போவது அதுதான். சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது. ஆகவே மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் இலை தொடங்குகிறது. வேப்பங்கிளை ஒன்றை ஒடித்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும், புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும் அந்தத் தெளிவு வராது.

வெடிப்பலாவில் இந்தச் சிக்கல் இல்லை. மாவிலை, நாவல் இலை போல ஒரே துண்டு, அதாவது தனி இலை. கிளையில் ஒரு கணுவுக்கு ஓர் இலை என்று மாறி மாறி வருகிறது, அது மாற்றிலை அமைவு. ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே வந்தால் எதிரிலை அமைவு. இது எளிய விஷயமாகத் தெரிந்தாலும் வடிகட்டுகிற வேலையில் இதைப்போல வேகமானது வேறில்லை. எதிரிலை என்று தெரிந்த கணமே மாற்றிலைக் குடும்பங்கள் அத்தனையும் பட்டியலிலிருந்து போய்விடும்.

இலையடிச் செதில்: சின்னது, ஆனால் நிறையப் பேசும்

பல செடிகளில் இலைக்காம்பின் அடியில் இரண்டு சின்னச் செதில்கள் இருக்கும். இளம் மொட்டைப் பாதுகாக்க வந்தவை. இலை விரிந்ததும் பலவற்றில் உதிர்ந்துவிடும், தழும்பு மட்டும் நிற்கும். இதுதான் இலையடிச் செதில்.

பலா மரக் கிளை நுனியைக் கையில் எடுங்கள். நுனி மொட்டை ஒரு கூம்பு மாதிரி உறை மூடியிருக்கும். அந்த உறை இலையடிச் செதில்தான். அது கழன்று விழும்போது கிளையைச் சுற்றி முழு வளையமாக ஒரு கோடு விட்டுச் செல்கிறது. சற்றுக் கீழே பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் அப்படி ஒரு வளையத் தழும்பு வரிசையாகத் தெரியும், நகத்தால் தடவினாலே தட்டுப்படும். ஆலிலும் அரசிலும்கூட இதே வளையம் உண்டு. கூடவே, கிள்ளினால் பால் வரும். ஆக வளையத் தழும்பும் பாலும் இருந்தால் பலாவின் குடும்பத்தை முதலில் சந்தேகிக்கலாம்.

வெடிப்பலாவில் பாலும் இல்லை, அந்த வளையமும் இல்லை. செதில்கள் ஒடுங்கி நீண்டவை, சீக்கிரமே உதிர்ந்துவிடும். காயைப் பார்க்காமலேயே, பூவைப் பார்க்காமலேயே, விரல் நீளக் கிளை ஒன்றை வைத்து "இது பலா இல்லை" என்று சொல்லிவிட முடிகிறது. "இலையடிச் செதில் விரைவில் உதிரும்" என்று விவரணையில் வருகிற வரிக்கு இவ்வளவு மதிப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மிகவும் பயன்படும். எதிரிலை அமைவும், எதிரெதிர் காம்புகளுக்கு நடுவில் கணுவின் மேல் ஒரு சின்ன முக்கோணச் செதிலும் இருந்தால் அது பெரும்பாலும் காபியின் குடும்பம். இட்லிப்பூச் செடியிலோ நுணாவிலோ பார்த்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: மொட்டு இலையின் எல்லையைச் சொல்லும், இலை அமைவும் இலையடிச் செதிலும் பாலும் குடும்பத்தைச் சொல்லும்.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

வெடிப்பலா இலையின் மேல்பக்கம் பளபளப்பான பச்சை, காட்டில் அப்படி நூறு மரம் இருக்கிறது. திருப்பினால் கதையே வேறு. அடிப்பரப்பு வெள்ளி பூசியது போலவோ, லேசான செம்பழுப்பாகவோ மின்னும். கண்ணாடி வில்லை ஒன்றை வைத்து உற்றுப் பார்த்தால் அந்த மினுக்கம் தனித்தனி வட்டத் தகடுகளாகப் பிரியும். ஒவ்வொரு தகடும் நடுவில் ஒரு சின்னக் காம்பால் இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடி நடுவில் இருக்கும் கேடயத்தின் அமைப்பு என்பதால் இதைக் கேடயச் செதில் என்கிறார்கள். இளங்கிளைகளிலும் இலைக்காம்பிலும்கூட இதே செதில்கள் அப்பியிருக்கும். முள் நிறைந்த பழம் தருகிற தென்கிழக்கு ஆசிய மரமான டுரியனின் இலையிலும் இப்படித்தான். டுரியன் இதற்கு நெருங்கிய சொந்தம்.

காட்டுக்குள் நடக்கும்போது 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் இலையை யாரும் தொட முடியாது. கீழே உதிர்ந்து கிடக்கிற இலை போதும், அடிப்பக்கத்தின் வெள்ளி மினுக்கம் காய்ந்த பிறகும் போவதில்லை. எளிதில் போகாத, காய்ந்தாலும் நிற்கிற அடையாளங்களுக்கு விவரணையில் முதல் மரியாதை. ஏன் என்பது பின்னால் வரும்.

அடிமரம்

அடிமரம் பற்றிய வரிகளை வேகமாகக் கடந்துவிடலாம். வெடிப்பலாவில் அடிமரத்தைச் சுற்றிப் பலகை வேர்கள் இருப்பதுண்டு. தண்டுக்கும் தரைக்கும் நடுவில் செங்குத்தான பலகை போல விரிந்து மரத்தைத் தாங்குகிற வேர்கள் அவை. பார்க்கப் பிரமாதமாக இருக்கும், எல்லோரும் படமும் எடுப்பார்கள், ஆனால் மழைக்காட்டில் எத்தனையோ குடும்பங்களின் மரங்களுக்கு இவை இருப்பதால் அடையாளம் காண்பதில் பெரிய உதவி இல்லை.

பூவும் காயும்

பூவின் அமைப்பைச் சொல்ல நான்கு சொற்கள் வேண்டும். வெளியே இருக்கும் உறை புல்லி வட்டம், அடுத்து நிறமான இதழ்கள் அல்லி வட்டம், அதற்குள் மகரந்தத்தூள் தருகிற மகரந்தத்தாள்கள், நடுவில் காயாக மாறப்போகும் சூலகம். செம்பருத்திப் பூவில் நான்கையும் பார்க்கலாம். அதில் புல்லிக்குக் கீழே பச்சைக் குச்சிகள் போல இன்னொரு வட்டம் இருக்கும், அது புறப்புல்லி வட்டம். மகரந்தத்தாள்கள் தனித்தனியாக நிற்காமல் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாக நீண்டிருக்கும்.

வெடிப்பலாப் பூவிலும் புறப்புல்லி இருக்கிறது, மகரந்தத்தாள் குழாய் இருக்கிறது, இதுதான் செம்பருத்திக் குடும்பம் என்பதற்குச் சாட்சி. ஆனால் அல்லி இதழே கிடையாது! வெளிர்பழுப்பு நிறத்தில் குழாய் குழாயான பூக்கள், இலைகளுக்கு நடுவில் இல்லாமல், முதிர்ந்த கிளைகளின் முடிச்சுகளிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும். இதழ் இல்லாத பூவைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று தோன்றும். வௌவால் வருகிறது, அணில்கள் வருகின்றன, சிங்கவால் குரங்கு வருகிறது, எல்லாம் பூவில் கிடைக்கிற தீனிக்காகத்தான். கிளையோடு ஒட்டிப் பூப்பதும் இந்த விருந்தாளிகளுக்கு வசதிதான்.

காய்க்கு வருவோம், குழப்பம் தொடங்கியது இங்கேதானே. ஒரு பலாப்பழம் ஒரு பூவிலிருந்து வந்தது இல்லை. நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாக ஒட்டி ஒரே பழமாகிவிட்டன; ஒவ்வொரு சுளையும் ஒரு பூவின் பங்கு, காய்க்காத பூக்கள்தான் சடையாக நிற்கின்றன. வெடிப்பலாக் காயோ ஒரே பூவின் ஒரே சூலகத்திலிருந்து வந்தது, அதன் முட்கள் எல்லாம் அந்தச் சூலகச் சுவரின் மேல் முளைத்தவை. முற்றியதும் அறை அறையாகப் பிளந்துகொள்ளும். இப்படித் தானாக வெடிக்கும் காயை வெடிகனி என்கிறோம். பலா வெடிகனி இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இரண்டு முள் உருண்டைகள், உருவான வழியில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தோற்றத்தை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இல்லாததும் ஓர் அடையாளம்

கொடுக்காப்புளியில் நாம் தின்கிற வெள்ளைச் சதையும், ஜாதிக்காயைச் சுற்றிச் சிவப்பு வலையாக இருக்கிற ஜாதிபத்திரியும் ஒரே வகை உறுப்பு. விதை காயோடு ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து கிளம்பி விதையைப் போர்த்துகிற சதை அது. தாவரவியலில் ஏரில் என்று பெயர். டுரியன் பழத்தில் தின்பதும் ஏரில்தான். டுரியனின் சொந்தமான வெடிப்பலாவைப் பிளந்தால் பழுப்பு விதைகள்தான் இருக்கும், ஏரில் இல்லை.

இந்த "இல்லை" ஒரு பெரிய காரியம் செய்தது. நெடுங்காலம் வரை இலங்கையில் வளரும் மரத்தையும் நம் மலைகளில் வளரும் மரத்தையும் ஒரே பெயரில்தான் நூல்கள் எழுதிவந்தன. 1970இல் பெல்ஜிய தாவரவியலாளர் ஆண்ட்ரே ரோபின்ஸ் இந்தப் பேரினத்தை முழுவதும் ஆராய்ந்து, நம்முடையதைத் தனிச் சிற்றினமாகப் பிரித்தார். ஏரில் இல்லாததைத்தான் பெயரிலேயே பொறித்தார், எக்ஸாரிலாட்டா என்றால் ஏரில் அற்றது. அதனால் விவரணையில் "ஏரில் இல்லை", "அல்லி இல்லை" என்று வந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், எழுதியவர் மெனக்கெட்டு விதையைப் பிளந்து பார்த்து எழுதியது அது.

எண்கள் என்ன சொல்கின்றன

"மரம் 40 மீ. வரை, இலைத்தாள் 8–20 செ.மீ. நீளம்." இப்படி வரும். இதில் 40 என்பது எல்லா மரமும் எட்டுகிற உயரம் என்று எடுத்துக்கொண்டு, "இந்த மரம் 40 மீட்டர் வளரும்" என்று கட்டுரைகளில் எழுதிவிடுகிறார்கள். அது பார்த்த மரங்களில் உச்சம், அதுவும் பெரும்பாலும் தரையில் நின்று கண்ணால் மதிப்பிட்டது. இலைத்தாள் என்பது காம்பை விட்டுவிட்டு விரிந்த பகுதி மட்டும். 8–20 என்றால் அளந்த இலைகள் அநேகமாக அந்த எல்லைக்குள் வந்தன என்று பொருள். சில நூல்களில் (6–)8–20 என்று அடைப்புக்குறி போட்டிருக்கும். 6 அபூர்வமாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

எல்லைக்கு வெளியே ஓர் இலை கிடைத்துவிட்டால் புது மரம் கண்டுபிடித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. நிழலில் வளரும் இலை அகலமாகும், வெயிலில் இருப்பது சிறுத்துத் தடித்துப்போகும், இளம் கன்றின் இலை முற்றிலும் வேறாகவே இருக்கலாம். பலாக்கன்றின் இலை மடல் மடலாகப் பிளந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பெரிய மரத்தில் அப்படி இருக்காது. விவரணை பெரும்பாலும் வளர்ந்த, பூத்த மரத்தை வைத்து எழுதப்பட்டது, கன்றுகளுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆக, எண்கள் எல்லைகளைக் காட்டுகின்றன. அவற்றை ஒரு மரத்தின் அளவாகப் படிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு காய்ந்த கிளை

விவரணையின் சொற்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பிற்காலத்தில் சந்தேகம் வரும்: இவர் உண்மையில் எந்த மரத்தைப் பார்த்து எழுதினார்? இதற்காகத்தான் மூல மாதிரி என்று ஒன்று இருக்கிறது. மரத்திலிருந்து இலை, பூ, காயோடு ஒரு கிளையை வெட்டி, காகிதங்களுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, எங்கே எப்போது யார் எடுத்தது என்று சீட்டு எழுதிப் பாதுகாக்கிறார்கள். அப்படிப்பட்ட அட்டைகளின் களஞ்சியத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு மையத்தின் ஹெர்பேரியம் ஒன்று இருக்கிறது. புதுச் சிற்றினத்துக்குப் பெயர் வைக்கிறவர் "இந்த அட்டைதான் இந்தப் பெயருக்கு ஆதாரம்" என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டும், அதுதான் மூல மாதிரி. 1958 முதல் இது கட்டாயம். விவரணை அல்லது வேறுபாட்டுக் குறிப்பை 1935 முதல் 2011 முடிய லத்தீனில்தான் எழுத வேண்டும் என்றும் விதி இருந்தது. 2012 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம், இரண்டில் எதிலும் எழுதலாம். அப்படியானால் 1970இல் வெடிப்பலாவுக்கு எழுதியது லத்தீன் என்பதில் ஆச்சரியம் இல்லை.

விவரணையில் பூவின் வாசனை, பட்டையின் நிறம் எல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடுவதும் செதிலும் நரம்பும் நீண்டு போவதும் இப்போது புரிந்திருக்கும். காய்ந்த கிளையில் வாசனை இருக்காது, நிறம் மங்கிவிடும், கேடயச் செதில் அப்படியே இருக்கும். உயரம், பால், பூவின் நிறம் போன்றவை கிளையைச் சேகரித்தவர் அன்று சீட்டில் எழுதியிருந்தால்தான் உண்டு, எழுத மறந்திருந்தால் அது போனது போனதுதான்.

இப்போது படித்துப் பாருங்கள்

"பலகை வேர் உள்ள பெருமரம், 40 மீ. வரை. இளங்கிளைகளில் கேடயச் செதில்கள். தனி இலை, மாற்றிலை அமைவு. இலையடிச் செதில் ஒடுங்கியது, விரைவில் உதிரும். இலைத்தாள் நீள்வடிவம், நுனி கூரியது, மேலே பளபளப்பு, அடியில் வெள்ளி அல்லது செம்பழுப்புக் கேடயச் செதில்கள். பூக்கள் முதிர்ந்த கிளைகளில் கொத்தாக, புறப்புல்லியும் புல்லியும் குழாய் வடிவம், அல்லி இல்லை, மகரந்தத்தாள்கள் குழாயாக இணைந்தவை. வெடிகனி உருண்டை, முள் நிறைந்தது. விதைகளில் ஏரில் இல்லை."

தொடக்கத்தில் வறட்சியாக இருந்த அதே மாதிரிப் பத்திதான். இப்போது ஒவ்வொரு காற்புள்ளியிலும் ஒரு மரக்கூட்டம் கழிந்து போவது தெரியும்.

அப்புறம், காட்டில் ஒரு மரத்தைப் பார்த்து அடையாளம் கேட்க விரும்பினால் முழு மரத்தின் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள், அதை வைத்து எந்தத் தாவரவியலாளரும் உறுதியாகச் சொல்ல முடியாது. காட்டிலிருந்து எதையும் வெட்டி எடுக்கவும் வேண்டாம், காப்புக்காட்டில் அது குற்றம். உதிர்ந்து கிடப்பவற்றை அங்கேயே வைத்துப் படம் எடுத்தால் போதும்: கிளை நுனி மொட்டோடு ஒன்று, கணுவை நெருக்கத்தில் ஒன்று, இலையின் மேல்பக்கம், கட்டாயம் அடிப்பக்கம், அடிமரத்தின் பட்டை, விழுந்த பூவோ காயோ இருந்தால் அளவு தெரிய ஒரு நாணயத்தோடு. புதிதாக ஒடிந்து விழுந்த பச்சைக் கிளை கிடந்தால், அதன் இலையைக் கிள்ளிய இடத்தில் பால் வந்ததா, இல்லையா என்பதையும் எழுதிவிடுங்கள், எந்தப் படத்திலும் அது தெரியாது.